கடைசி ஆளுக்கு முதல் சீட்டு

நகரசபைத் தேர்தலுக்கு ஒத்தாசை செய்வதாக வாக்குக் கொடுத்த தையல்காரம்மா, காலையிலிருந்து வாக்குச்சாவடி வாசலில் கால் கடுக்க நின்று எல்லோருக்கும் பட்டியலில் பெயர் தேடிக் கொடுத்தாள்.

வாக்குப்பதிவு முடியும் ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் சலவை ஆலை வேன் வந்து நின்றது. பதினேழு பேர் தபதபவென்று இறங்கி வரிசையில் நின்றார்கள்.

"இத்தனை பேரா? கதவைச் சாத்துங்க!" என்று சிடுசிடுத்தார் அதிகாரி.

"அஞ்சு மணிக்கு வரிசையில நிக்கிற எல்லாருக்கும் ஓட்டு உண்டு சார். உங்களுக்குத் தெரியாத சட்டமா?" என்றாள் தையல்காரம்மா.

அவள், அதிகாரி காலையிலேயே கையெழுத்திட்டு வைத்திருந்த எண் சீட்டுகளை, பின்னால் வேறு யாரும் ஒட்டிக்கொள்ளாதபடி, வரிசையின் வாலில் எண் ஒன்றிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டே போனாள்.

பதினேழு பேரும் ஓட்டுப் போட்டு முடித்ததும் அவளும் உள்ளே நுழைந்தாள்.

"நீங்க எங்கம்மா?"

"நான் இன்னும் ஓட்டுப் போடல சார்."

அதிகாரிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "ஊருக்கெல்லாம் ஓட்டுப் போடச் சொல்லிட்டு உங்க ஓட்டைக் கோட்டை விட்டுட்டீங்களே! மணி அஞ்சேகால்."

இடுப்பில் செருகியிருந்த சீட்டை அவள் நிதானமாக எடுத்து மேசைமேல் வைத்தாள். எண் ஒன்று. கீழே அவருடைய கையெழுத்து.

"வரிசையில கடைசி ஆளே நான்தான் சார்."

வாசலில் பதினேழு பேரும் விசிலடித்தார்கள்.