புதுசு போடணுமா, வேண்டாமா

திரையின் நடுவில் அந்தப் பெட்டி மறுபடியும் வந்து உட்கார்ந்தது. 'உங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு இனி ஆதரவு கிடையாது. புதியதற்கு மாறுங்கள்.' நேரம் பார்த்து வருவதில் அதை மிஞ்ச ஆளில்லை. நான் ஒரு சொல்லின் பாதியில் இருக்கும்போதுதான் வரும். எழுத்துகளை மறைத்துக்கொண்டு நந்தி மாதிரி நிற்கும். கீழே 'இப்போதே', 'பிறகு' என்று இரண்டு பொத்தான்கள். அவற்றை அழுத்த எனக்குக் கை இல்லை. அதாவது கை இருக்கிறது, அசையாது. சமையலறையிலிருந்து என் கணவர் வந்து 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுப் போனால்தான் மிச்சத்தைச் சொல்ல முடியும். அதற்குள் சொல்ல வந்தது மறந்து போயிருக்கும். கோபம் மட்டும் மறக்காது.

நான் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள். வார்டின் ஒரு கோடியில் பேசினால் மறுகோடியில் இருப்பவன் எழுந்து உட்காருவான். பிறகு நரம்பைத் தின்கிற ஒரு வியாதி வந்து கை, கால், நாக்கு என்று வரிசையாகப் பறித்துக்கொண்டது. மூளையையும் கண்ணையும் வலது கன்னத்தையும், ஸ்பூனுக்குத் திறக்கிற அளவு வாயையும் போனால் போகிறதென்று விட்டுவைத்திருக்கிறது. கன்னத்தை ஒட்டி ஒரு சின்ன ஸ்விட்ச். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்து போகும். வேண்டிய வரிசை வரும்போது கன்னத்தை அசைக்க வேண்டும். அப்புறம் வேண்டிய எழுத்து வரும்போது இன்னொரு தடவை. நம் மொழியில் எழுத்துக்கா பஞ்சம்? ஒரு சொல் முடிவதற்குள் காபி ஆறிவிடும். நடுவில் இருமல் வந்தால் தப்பான எழுத்து விழும். அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

வாய் முழுதாகக் குழறுவதற்கு முன், பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒருத்தி என்னை மைக் முன்னால் உட்காரவைத்து வாக்கியம் வாக்கியமாகப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தாள். அதை வைத்து ஒரு கம்பெனி என் குரலையே கணினிக்குள் செய்து கொடுத்தது. நான் எழுதி முடித்தால் என் குரலிலேயே அது பேசும். கம்பெனியை அப்புறம் இழுத்து மூடிவிட்டார்கள். குரல் மட்டும் இந்தப் பழைய இயங்குதளத்தில் குடியிருக்கிறது. புதியதில் அது ஓடாது.

என் கணவருக்கு அந்தக் குரல் என்றால் உயிர். அவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பக்கத்து இருக்கையில் தனி பிரேக்கோடு உட்கார்ந்து, ஓட்டுகிறவன் தப்பு செய்வதற்கு முன்பே மிதித்துப் பழகியவர். அதே பழக்கத்தை வீட்டிலும் வைத்துக்கொண்டார். நான் 'எனக்கு' என்று எழுதியதுமே "தண்ணியா?" என்பார். 'ஜன்' என்று எழுதினால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். நான் சொல்ல வந்தது, ஜன்னலை இன்னும் நன்றாகத் திற என்பது. அன்பில்தான் செய்கிறார், எனக்குத் தெரியாதா? ஆனால் அன்பு அவசரப்பட்டால் ஆளைக் கொன்றுவிடும். யாராவது வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது எனக்கும் ஒரு பதில் தோன்றும். எழுதி முடித்துப் பேசவிட்டால், அவர்கள் அந்த விஷயத்தை விட்டு வேறெங்கோ போயிருப்பார்கள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "ஆமாமா, கரெக்ட்" என்று தலையாட்டுவார்கள். குழந்தையிடம் பேசுவதுபோல அந்தத் தலையாட்டல். அதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண்ணாலேயே எழுதலாம், பாதி எழுதும்போதே மீதியை ஊகித்துக் கொடுக்கும், ஒரு கேமரா மட்டும் போதும் என்று ஒரு புது ஏற்பாடு வந்திருப்பதாக அந்தப் பயிற்சிப் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அது புது இயங்குதளத்தில்தான் வேலை செய்யும். குரல் வேறு யாருடையதாகவோ இருக்கும். எனக்கு அது வேண்டும். அவ்வளவுதான். இந்த மூன்று சொல்லை என் கணவரிடம் சொல்ல நான் எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். 'எனக்கு' வரைக்கும் போனதும் தண்ணீர் வந்துவிடும்.

என் தம்பி லீவுக்கு வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எதையும் புதுசாக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "காபி குடிக்கறியா?" என்று என் கணவர் கேட்டது காதில் விழவில்லை, பையைக்கூட இறக்கவில்லை, திரையில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா இது, இன்னுமா இந்தப் பழசை வெச்சிருக்கீங்க? இதுக்கு ஆதரவே நின்னுபோச்சு. எவன் வேணா உள்ள புகுந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போவான்."

"எடுத்துட்டுப் போக உள்ள என்ன மாப்ள இருக்கு? உங்க அக்கா பேசுறதுதான் இருக்கு. நல்லா ஓடிட்டு இருக்கிற வண்டி, அதை ஏன் கழட்டணுங்கறே?"

"வண்டி வேற, இது வேற மாமா."

"எல்லாம் ஒண்ணுதான்."

புது இயங்குதளத்தை இந்தக் கணினி தாங்குமா என்று பார்க்கிறேன் என்றான் தம்பி. ஸ்விட்சின் வயரைப் பிடுங்கினான். கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். என் கணவரும் பின்னாலேயே போய் எதிரில் உட்கார்ந்துகொண்டார். நான் கூடத்தில், சக்கர நாற்காலியில். அவர்கள் இருவரும் என் கண்ணெதிரே, என் வாயை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்யலாம் என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள்.

எப்படிப்பட்ட விவாதம் தெரியுமா? வேகம் கூடும் என்றான் இவன். இப்போது என்ன அவசரம் என்றார் அவர். இது இன்னும் கொஞ்ச நாளில் தானாகவே படுத்துவிடும் என்றான். படுக்கட்டும், அப்போது பார்ப்போம் என்றார். போன தடவை போனில் எதையோ புதுசாக்கி எல்லாப் படங்களும் காணாமல் போனதை அவர் எடுத்துவிட்டார். அது நீங்கள் தப்பாக அழுத்தியது என்று இவன் எகிறினான். காலைச் சாப்பாட்டுத் தட்டு காய்ந்தது. எனக்கு முதுகு வலித்தது. சாய்த்துவிடு என்று சொல்லக்கூட வழியில்லை.

நடுவில் தம்பிக்கு ஞானோதயம் வந்தது. "அக்காவையே கேட்போம் மாமா."

அப்பாடா என்றிருந்தது. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இருவரும் எழுந்து வந்தார்கள். தம்பி குனிந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, புதுசு போடணுமா, வேண்டாமா?"

இதற்கு ஆமாம் என்றால் என்ன, இல்லை என்றால் என்ன? படித்தவன் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கண்ணை மேலே தூக்கினேன்.

"பாத்தீங்களா, போடணுங்கறா."

"எங்கே? வேண்டாமான்னு நீ கடைசியா கேட்டதுக்கு ஆமாங்கறா. இரு, நான் கேக்கறேன். இப்படியே நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தொந்தரவு, என்ன?"

கண்ணை இறுக்கி மூடினேன்.

"களைச்சுட்டா பாவம்" என்றார். "தூங்கட்டும். நாம அங்க போய்ப் பேசுவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காலில் மட்டும் உயிர் இருந்திருந்தால் அந்த மேசையை உதைத்துக் கவிழ்த்திருப்பேன்.

மேசைக்குத் திரும்பியபிறகு பேச்சு கொஞ்சம் தணிந்தது. தம்பிதான் கேட்டான், "உங்களுக்கு உண்மையில என்னதான் பிரச்சினை மாமா?"

அவர் கணினியின் மூடியைத் திறந்து, பிறகு சாத்தினார்.

"புதுசு போட்டா அவ குரல் போயிடும்ல?"

"அந்தப் பழைய பதிவெல்லாம் எடுத்துத் தனியா வெச்சிடறேன். எப்ப வேணா போட்டுக் கேக்கலாம்."

"அதுல அவ எதையோ படிக்கறா மாப்ள. என்கிட்ட பேசல. இதுல அவ என்னைக் கூப்பிடறா. கார் சாவி எங்கன்னு கேக்கறா. அது நின்னுபோச்சுன்னா..."

இதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? பாதி வடிந்தது. கண்ணில் நீர் வந்தது, துடைக்க ஆளில்லாமல் அது கன்னத்தில் வழிந்து ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் அரித்தது. மறுபாதி அப்படியே இருந்தது. அந்தக் குரலை அவர் காதால் கேட்கிறார், சரி. அதற்குள் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தள்ளிக்கொண்டிருப்பவள் நான்தானே!

மத்தியானம் மசித்த சாப்பாட்டோடு வந்தார். ஸ்பூனை நீட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை.

"சூடா இருக்கா?" ஊதினார். மறுபடி நீட்டினார். திறக்கவில்லை. "உப்பு இல்லையா? வாந்தி வருதா? வேற ஏதாவது பண்ணித் தரட்டா?"

நான் அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த கணினியையே பார்த்தேன். இமைகூடத் தட்டாமல் பார்த்தேன். அவர் என் பார்வை போன வழியில் திரும்பினார். மறுபடி என்னைப் பார்த்தார். ஸ்பூன் கையிலேயே நின்றது.

"டேய் மாப்ள," என்றார் மெதுவாக. "காலைலேர்ந்து அவ வாயைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு நாம ரெண்டு பேரும் பேசிட்டு இருக்கோம்டா."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். கணினி வந்தது. வயரைச் செருகினார்கள். அந்தப் பெட்டியும் விசுவாசமாக வந்து நின்றது. இந்தத் தடவை என் கணவர் அதை மூடிவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் எழுத ஆரம்பித்தேன். வரிசை ஓடியது, கன்னத்தை அசைத்தேன். 'எனக்கு' வந்தது. அவர் உதடு துடித்ததைப் பார்த்தேன். 'தண்ணியா' என்ற சொல் அதன் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஒருமுறை இருமி, தப்பு விழுந்து, அழித்து, மறுபடி எழுதினேன். அவர் அசையவே இல்லை. கடைசியில் என் குரல், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த காலத்துக் குரல், தெளிவாகச் சொன்னது:

"எனக்குப் புதுசு வேணும்."

"உன் குரல் போயிடுமே" என்றார்.

இதற்குப் பதில் எழுத இன்னும் நேரமானது. சாப்பாடு ஆறியது. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள நான் பேசணும்."

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து ஸ்பூனை எடுத்து, "மொதல்ல சாப்பிடு. அப்புறம் அவன் போடட்டும்" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

புதுசு போடுவது என்பது ஏதோ பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை என்று நினைத்திருந்தேன். நீலக்கோடு ஒன்று நகர்ந்தது, பிறகு நகரவில்லை. 'கொஞ்சம் பொறுங்கள்' என்றது. பொறுத்தோம். தானாக அணைந்து எழுந்தது. மறுபடி பொறுக்கச் சொன்னது. "இது சகஜம்" என்று தம்பி நகத்தைக் கடித்தபடி சொன்னான். எழுந்தபிறகு கேமராவைத் தெரியவில்லை என்றது. கேமரா தெரிந்ததும் என் கண்ணைத் தெரியவில்லை என்றது. கண்ணாடியைக் கழற்றி, விளக்கை மாற்றி, நாற்காலியைத் தள்ளி, திரையில் ஓடும் புள்ளியை மூலைக்கு மூலை துரத்திப் பார்க்கச் சொல்லி உயிரை வாங்கினான். இதற்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்கே அலுத்துப்போனது. என் கணவர் ஒவ்வொரு தடங்கலுக்கும் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த 'ம்'மில் ஒரு பிரசங்கமே இருந்தது.

சாயங்காலம் ஒரு வழியாகப் படிந்தது. 'வ'வைப் பார்த்தேன். 'வணக்கம்' என்று அதுவே நீட்டியது. பார்வையை அதன்மேல் வைத்தேன்.

"வணக்கம்" என்றது செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். யாரோ. நடுவீட்டில் முன்பின் தெரியாதவள் வந்து நிற்பது போலிருந்தது. என் கணவரின் முகம் விழுந்துவிட்டது. தம்பி அவசரமாக, "குரலை வேற மாத்திக்கலாம் மாமா, இன்னும் நிறைய இருக்கு" என்றான்.

"எத்தனை இருந்து என்ன? அவளோடது அதுல இல்லையே." அவர் எழுந்து நின்றுகொண்டார். பகலெல்லாம் அடக்கிவைத்த பிரசங்கம் கிளம்பிவிட்டது. "நான் மொதல்லயே சொன்னேன், இதெல்லாம் வேண்டாம்னு. காலைல நீ உள்ள வந்தவுடனே நான் என்ன சொன்னேன்..."

"காபி குடிக்கறியான்னு கேட்டீங்க" என்றாள் அந்தச் செய்தி வாசிப்பவள்.

அவர் திரும்பினார். "அது இல்ல. அதுக்கப்புறம் சொன்னேன். நல்லா ஓடிட்டு இருக்கிறதைக் கழட்டுனா..."

"ஓடல."

"சரி, மெதுவாத்தான் ஓடிச்சு. இல்லேங்கல. ஆனா நான் என்ன சொல்ல வர்றேன்னா, ஒரு மனுஷனுக்கு..."

"தெரியும்."

"என்ன தெரியும்? நான் இன்னும் சொல்லவே இல்ல! அட, என்னையும் கொஞ்சம் பேச விடேன்டி!"

சொன்னபிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடி நின்றார். கல்யாணமான நாளிலிருந்து தினமும் என்னிடம் சொல்லிவந்த வாக்கியம் அது. என் நாக்கு ஓய்ந்தபிறகு அதைச் சொல்ல அவருக்கு ஒருநாளும் அவசியம் வரவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கே பிடிபடவில்லை.

"விட மாட்டேன்" என்றேன், அவர் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள்.