கால் நீட்ட ஒரு பக்கம்

தேயிலை மலையில், மழையில் ஊறிய வடிகால் கானில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது கூட எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. ஹல்துமுல்லையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் போய், ஆபரேஷன் செய்யாமல் திரும்பி வருவதுதான் உயிரை எடுத்தது. இன்று இரண்டாவது முறை.

"காலைத் தலகாணியில உயர்த்தி வைக்கச் சொன்னனான் எல்லோ?" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர் இரகுநாதன். கட்டுக்கு வெளியே என் விரல்கள் கத்தரிக்காயாக வீங்கி மினுங்கின. "வீக்கம் வத்தாமல் வெட்டினா புண் ஆறாது. இன்னும் பிந்தினா எலும்பு கோணலாப் பொருந்திடும். பிறகு காலம் முழுக்க நொண்டித்தான் நடக்க வேணும்."

நொண்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறிப்பதாவது! என் புருஷன் சதீஸ்குமார் என்னை முறைத்தார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"எந்தப் பக்கம் நீட்டச் சொல்றீங்க? நீங்களே சொல்லுங்க."

தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரே அறை. கட்டிலைத் திருப்பிப் போட்டால் கதவு திறக்காது. மாற்றிப் படுத்தால் தலை வடக்கே போகும். இப்படியே படுத்தால் கால்மாட்டில் சாமித்தட்டு. மாமியார் பெரியாயி விளக்கேற்றும்போது முருகனுக்கு நேரே பாதத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கிடக்க முடியுமா? அவர் மரக்கறித் தோட்டத்து வேலைக்குப் போனதும் காலைத் தூக்கி வைப்பேன். அவர் வரும் சத்தம் கேட்டதும் தொங்கப் போட்டுவிடுவேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. சொல்ல இடம் வைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. சண்டை பிடிக்கத் தெம்பில்லை.

அத்தை கையைக் கழுவிவிட்டு வந்தார். முருகன் படத்தைக் கழற்றித் துடைத்து, என் தலைமாட்டுச் சுவரில் அதை மாட்ட மகனை ஆணி அடிக்கச் சொன்னார்.

"கோணக் காலோட நீ மலையேறுறதப் பாக்கவா சாமி இருக்கு? நீட்டு."

கால்மாட்டுச் சுவரில் இப்போது மாலை போட்ட மாமா படம் மட்டும் தொங்கியது.

"அத்தை, மாமா படம்..."

"அவரு அங்கேயே இருக்கட்டும்." தலகாணிகளை அடுக்கினார். "மலையிலருந்து வந்த அலுப்போட ராவுக்கு ராவு அவரு கால அமுக்கிவிட்டேன். ஒனக்குக் கால் வலிக்குதான்னு ஒரு நா கேட்டிருப்பாரா?"

என் காலை அவரே மெதுவாகத் தூக்கி வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அவரும் தரையில் உட்கார்ந்து, அதே பக்கமாகத் தன் இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டார்.