மாடிக்காரியின் பச்சைக் கோடு

மாடிக்காரி என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. கொழுந்தன் பெண்டாட்டி. கீழே நாங்கள், மேலே அவர்கள். வேலையும் ஒரே அரசு ஆஸ்பத்திரியில்தான். நான் ரத்தப் பரிசோதனைக் கூடம், அவள் எக்ஸ்ரே அறை. விடிந்தால் அவள் முகம், அடைந்தால் அவள் முகம். என் தலையெழுத்து.

இந்த வருஷம் அரசாங்கம் எங்கள் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. பழைய பென்ஷனிலேயே இருக்கலாம், இல்லையென்றால் இதுவரை சேர்ந்ததை எடுத்துக்கொண்டு தனியார் நிதிக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கப்புறம் பூட்டு.

அறிவிப்பு வந்த அன்றைக்கே அவள் தனியாருக்குப் போய்விட்டாள். மதியம் சாப்பிடும்போது போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பச்சைக் கோடு ஒன்று ஏறிக்கொண்டே போனது. ஓய்வு பெறும்போது எவ்வளவு கிடைக்கும் என்று நிதிக் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த கணக்காம்.

“கொஞ்ச வருஷத்துல வேலை பாக்கறவங்களை விட பென்ஷன் வாங்கறவங்க அதிகமாயிடுவாங்கக்கா. அரசாங்கம் எங்கேருந்து கொடுக்கும்?”

“பங்குச் சந்தை விழுந்தா? இந்தக் கோட்டை வெச்சு அடுப்பு எரிப்பியா?”

“விழுந்தா எழுந்திரிக்கும். ஆனா என் காசு என் பேர்ல இருக்கும். உங்களுக்கு எவனோ வரி கட்டினாதான் உண்டு.”

“நானும் இத்தனை வருஷமா வரி கட்டினவதான்.”

வாய் பதில் சொல்லிவிட்டது, வயிறுதான் எரிந்தது. காற்று வரும் மாடி அவளுக்கு. சம்பாதிக்கும் புருஷன் அவளுக்கு. வயசான காலத்திலும் அவள்தான் மேலேயா? என் வீட்டுக்காரர் தையல்காரர். கண் மங்கிப்போய், ஊசியில் நூல் கோர்க்கக்கூட என்னைக் கூப்பிடுகிறார். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனாலும் என் பென்ஷனில் பாதி அவர் இருக்கும்வரை அவருக்கு வரும். அந்த தைரியத்தில்தான் மனிதர் குறட்டை விடுகிறார். இது எனக்குத் தெரியாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் எக்ஸ்ரே அறை வாசலில் நர்ஸுகள் அவளைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். “தனி வீடு எப்போ கட்டறீங்க?” என்னைப் பார்த்ததும் அவள் சட்டென்று பேச்சை மாற்றினாள். என்னைப் பார்த்துப் பாவப்படுகிறாளாம்! பீற்றிக்கொண்டாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ரத்த மாதிரிகளைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து மூடியை அடித்துச் சாத்தினேன். அது சுற்றி நிற்பதற்குள் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். தனியாருக்கு மாறுவது உறுதியா என்று கேட்டது. உறுதிதான் போ என்று அமுக்கினேன்.

சாயங்காலம் கெடு முடிந்தபின் பஸ்ஸில் பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, சிரிக்கக்கூடாது. காலையில நான் பழையதுக்கே திரும்பிட்டேன்.”

“ஏன்டி?”

“எல்லாம் உங்க மேல பொறாமைதான். மாமாவோட குறட்டை மாடி வரைக்கும் கேக்குது. இவரு என்னடான்னா கோடு எறங்கிடுச்சான்னு விடிய விடிய போனைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. அந்தத் தூக்கம் எங்களுக்கும் வேணும்னு தோணிச்சு.” வெட்கப்பட்டுச் சிரித்தாள். “நீங்க பழையதுலதானே இருக்கீங்க?”

“பின்னே?” என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இவர் கேட்டார். “பென்ஷனைப் பூட்டியாச்சா?”

“ஆச்சு.”

“நல்லதாப் போச்சு.” கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. அது அடங்கிய இடைவெளியில் மேலேயிருந்து இன்னொன்று கேட்டது. கொழுந்தன்தான், இத்தனை நாள் விட்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் வரை என்னிடம் இருந்த நிம்மதிதானே அது.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் என் கோட்டைத் தேடினேன். திங்கட்கிழமை வரை சந்தை விடுமுறை என்று காட்டியது. இவர் எழுந்துவிட்டார் போலிருக்கிறது. ஊசியில் நூல் கோர்க்கக் கூப்பிடுகிறார்.