பால் கேனுக்குள் தக்காளி நாற்று

ஏரியில் பனிக்கட்டி கரைந்த கையோடு ஆர்டிஸுக்குத் தோட்டப் பைத்தியம் பிடித்துவிடும். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அது குறையவில்லை. தயிர் டப்பாக்களில் தக்காளி விதை போட்டு, மார்ச் முழுக்க அவற்றோடுதான் பேசிக்கொண்டிருப்பாள். மண் கொத்துவதும் நடுவதும் தங்கை மாரெனின் வேலை. நாற்று குளிரில் கருகாமலிருக்க, அடிப்பாகம் வெட்டிய காலி பிளாஸ்டிக் பால் கேன்களை அதன்மேல் கவிழ்ப்பதும் அவள்தான்.

"நல்லா அழுத்துடி. காத்துல உருண்டுரும். உன் புத்தி மாதிரியே ஒரு எடத்துல நிக்காது."

மாரென் அடுத்த கேனை எடுத்து அழுத்துவாள். ஐம்பத்தாறு வயதில் அந்தப் பேச்சு அவளுக்கு மரத்துப்போயிருந்தது. தீவனக் கடை வெண்டல்தான் இந்தக் குளிர்காலத்தில் அவளைக் கொஞ்சம் சிரிக்க வைத்தவர். மனைவியை இழந்தவர். ஞாயிறுதோறும் தன் வீட்டுக் காலிக் கேன்களைக் கழுவி எடுத்துவந்து, காபி குடித்துவிட்டுப் போவார். ஏப்ரலில் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார்.

மே மாதத் தொடக்கத்தில் உறைபனி எச்சரிக்கை வந்தது. வைக்கோல் வாங்கக் கடைக்குப் போனவள் கேட்டேவிட்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன், வெண்டல்?"

"உங்க அக்கா போன் பண்ணாங்க. பொண்டாட்டி செத்த ஈரம் காயல, அதுக்குள்ள கெழவனுக்குத் தொணை கேக்குதுன்னு என்னப் பத்தி நீங்க சொல்லிச் சிரிக்கிறீங்களாம்."

"நான் அப்படிச் சொல்லவே இல்ல."

வெண்டல் வைக்கோல் கட்டைத் தூக்கி அவள் பக்கம் நகர்த்தினார். "இருக்கலாம். ஆனா இப்ப வேற ஒருத்தங்களோட பழக்கமாயிடுச்சு, மாரென்."

வீட்டில் ஆர்டிஸ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வெண்டலுக்கு போன் பண்ணியாக்கா?"

"பண்ணேன். நீ போயிட்டா என்னைக் கக்கூசுக்கு யாரு தூக்கிட்டுப் போவா, அவனா? போ, இருட்டறதுக்குள்ள நாத்தை மூடு."

மாரென் போய் மூடினாள். கேன்களின் மேல் பழைய போர்வைகளையும் விரித்தாள்.

விடிந்தபோது புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. வானத்தில் மேகமே இல்லை. ஆர்டிஸை நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள் அது.

"போர்வைய எடுத்துட்டியா? கேன் மூடியத் தெறந்தியா? வெயில் ஏறுனா உள்ளயே வெந்துரும்."

"தெறந்தாச்சு."

போர்வையை மட்டுமே எடுத்திருந்தாள்.

மருத்துவமனையில் வேலை மதியமே முடிந்துவிட்டது. மாரென் அக்காவுக்கு ஆப்பிள் பை பலகாரம் வாங்கிக் கொடுத்து, ஏரிக்கரைச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டினாள். "என்னா வெயிலு, நாத்து ஜம்முனு கெளம்பிரும்" என்றாள் ஆர்டிஸ். மாரென் தலையாட்டினாள்.

பாத்தி அருகே நாற்காலி நின்றதும் ஆர்டிஸ் குனிந்து ஒரு கேனைத் தூக்கினாள். குப்பென்று வெக்கை முகத்தில் அடித்தது. நாற்று வேகவைத்த கீரையாக மண்ணில் ஒட்டிக் கிடந்தது. அடுத்ததைத் தூக்கினாள். அதற்கும் அடுத்ததை. 

"தெறந்தாச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அந்தக் கடைசி வரிசைய எடுத்துக் காட்டுடி. ஒண்ணாவது இருக்கும்." ஆர்டிஸுக்கு மூக்கு ஒழுகியது. துடைக்கவும் தோன்றாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இருக்காதுக்கா."

மாரென் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்க் காபி போட்டாள். சக்கரங்கள் ஈர மண்ணில் புதைந்திருந்தன. ஆர்டிஸால் அசைக்க முடியவில்லை. அவள் கூப்பிடுவது கேட்டது. முதலில் அதட்டலாக, பிறகு வெறும் பெயரை மட்டும். வெயில் இறங்கி, குளிர் மறுபடி வந்துகொண்டிருந்தது. மாரென் தன் இரண்டாவது கோப்பைக் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.