நெற்றிக்கு ஒரு மெத்தை

அடக்கம் முடிந்த மறு வாரமே லியோனி வேலைக்குத் திரும்பிவிட்டாள். பாரிசுக்கு வெளியே, சேன் ஆற்றங்கரைத் தொழிற்சாலையில், தோல் தைக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. முதலில் லாரி இருக்கைகள் தைத்தாள். பிறகு டிராக்டர் இருக்கைகள். போன வருஷத்திலிருந்து ராணுவம் கேட்ட சின்ன டாங்கிக்கும் அவள்தான் இருக்கை தைத்தாள். இரண்டே பேர் உட்காருகிற வண்டி அது. முன்னால் ஓட்டுகிறவன், அவனுக்குப் பின்னால் பீரங்கி வைத்த கோபுரத்தில் சுடுகிறவன்.

அவள் புருஷன் அன்செல்ம் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிற வேலையில் இருந்தான். ஷாம்பாஞ் பக்கத்துச் சுண்ணாம்பு மண் மைதானத்தில், அதிகாரிகள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கினான். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. வெளியே பார்ப்பதற்கென்று விட்டிருந்த துளையின் இரும்பு விளிம்பில் அவன் நெற்றி மோதியது. அவ்வளவுதான்.

செய்தி சொல்ல வந்தவர் பொறியாளர் தெலோர்ம். அந்த வண்டியை வரைந்தவரே அவர்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகியபடி வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியாமல், "வண்டிக்கு ஒண்ணும் ஆகலை, மதாம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போனது.

"நல்லதுங்க, முசியே. உள்ள வாங்க, காப்பி போட்டிருக்கேன்" என்றாள் லியோனி.

அவர் உள்ளே வந்தார், குடித்தார், போனார். அவள் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

அவள் அழுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டு அது தெரியாமலே குடித்து முடித்தாள். படுத்தால் கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடக்கும்.

பக்கத்து மேசையில் தைக்கும் ஒதெத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னடி இது, கல்லு மாதிரி உக்காந்திருக்கே? ஒரு தட்டையாவது எடுத்து உடைச்சுத் தொலை. என் வீட்டுக்காரன் ஓடிப்போனப்ப நான் ஆறு தட்டு உடைச்சேன்."

"எங்கிட்ட நாலுதான் இருக்கு" என்றாள் லியோனி.

ஒதெத் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அந்த மாதம் ராணுவத்திலிருந்து புதிய உத்தரவு வந்தது. முப்பது மில்லிமீட்டர் கவசத் தகடு போதாது, இப்போதைய குண்டுகள் அதைத் துளைத்துவிடுகின்றன, நாற்பது வேண்டும். தெலோர்ம் எல்லாவற்றையும் திரும்ப வரைந்தார். தகடு தடித்தது, வண்டி கனத்தது. முன்சுவர் ஓட்டுகிறவன் முகத்துக்கு இன்னும் கிட்டே வந்தது.

இப்போது ஓட்டுகிறவன் பர்னபே. வடக்கே நிலக்கரிச் சுரங்கப் பக்கத்துக்காரன், குள்ளம். அன்செல்ம் செத்த அன்று கோபுரத்தில் இருந்தவன் அவன்தான். மணிக்கட்டு முறிந்ததோடு தப்பித்தான். புதிய வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் உடனே இறங்கிவிட்டான்.

"முசியே தெலோர்ம், அந்த இரும்புக்கும் என் மண்டைக்கும் நடுவுல ஏதாச்சும் வைங்க. இல்லேன்னா நீங்களே ஓட்டிக்கங்க."

தெலோர்ம் தையல் கொட்டகைக்கு வந்து, லியோனி இருக்கும் பக்கமே திரும்பாமல், நெற்றிக்கு ஒரு மெத்தை வேண்டும் என்று ஒதெத்திடம் சொன்னார்.

"நானே தைக்கிறேன்" என்றது லியோனியின் குரல்.

அளவெடுக்க அவள் முற்றத்துக்குப் போனாள். பர்னபே வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். "நான் அளந்து சொல்லிடறேனே, மதாம். நீங்க எதுக்கு உள்ள?"

"வரேன்."

கோபுரத்தின் வழியாக இறங்கி, அவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தாள். உள்ளே பெட்ரோல் நாற்றமும் புதுப் பெயின்ட் நாற்றமும் அடித்தன. எங்கே மோதும், எவ்வளவு ஆடும் என்று காட்டுவதற்காக அவன் எஞ்சினைக் கிளப்பி முற்றத்தைச் சுற்றத் தொடங்கினான். அந்த இரைச்சலில் எதையும் நினைக்க முடியவில்லை. உடம்பெல்லாம் அதிர்ந்தது, பல் கிட்டித்தது. யாரும் எதுவும் கேட்க முடியாது, அவளும் யாருக்கும் பதில் சொல்ல முடியாது.

ஒரு சுற்று முடித்துப் பர்னபே திரும்பிப் பார்த்தபோது லியோனி முழங்காலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவன் எழுப்பவில்லை. எஞ்சினை நிறுத்தினால் விழித்துக்கொள்வாள் என்று தோன்ற, மறுபடி சுற்றினான். அப்புறம் இன்னொரு தடவை. "டேய், பெட்ரோல் உங்கப்பன் வீட்டுதாடா?" என்று மேஸ்திரி கையை ஆட்டிக் கத்தினார். காதில் விழாதவனைப்போல அவன் ஓட்டிக்கொண்டே இருந்தான். டாங்கி ஓட்டுகிறவனுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

கன்றுத் தோல், உள்ளே குதிரை மயிர், இரட்டைத் தையல். லியோனி இரண்டு நாளில் மெத்தையை முடித்துக் கொண்டுபோய், தானே திருகாணி வைத்துப் பொருத்தினாள். பர்னபே உட்கார்ந்து பார்த்தான். முன்னால் குனிந்தான். மெத்தை அவன் நெற்றிக்கு மேலே தலைமயிரில் பட்டது, நெற்றி இரும்பில் பட்டது.

"கொஞ்சம் மேல இருக்கு, மதாம்."

"இருக்காதே."

"நீங்களே பாருங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். அன்று தூங்கிவிட்டதில் அளவே எடுக்கவில்லை. கண்ணளவில் வெட்டி, கைப்பழக்கத்தில் பொருத்தியிருந்தாள். அந்த உயரம் யாருடையது என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

"அவர் உயரத்துக்கு வெச்சுட்டேன்" என்றாள், விலாசம் தப்பாக எழுதியதைச் சொல்வதுபோல.

பர்னபே இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. லியோனி திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். பாதியில் கேட்டாள். "அன்னைக்கு ஏதாவது சொன்னாரா?"

இதுவரை யாரிடமும் அவள் கேட்காத கேள்வி அது. பர்னபே தன் மணிக்கட்டைத் தடவினான்.

"பெருசா ஒண்ணும் இல்ல மதாம். பள்ளத்துக்கு முன்னால நிறுத்தி, 'கால் மரத்துப்போச்சுடா, மேல ஏறினதும் ஒரு சிகரெட் குடு'ன்னாரு."

"சிகரெட்டா?"

"ஆமா."

"விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணினாரே எங்கிட்ட. வருஷம் ஒண்ணாச்சு."

பர்னபே தலையைக் குனிந்துகொண்டான். "தெனம் என் பாக்கெட்லருந்துதான் எடுப்பாரு. உங்ககிட்ட சொல்லாதேன்னாரு."

  லியோனி கையை நீட்டினாள். "அந்தத் திருப்புளியை இங்க குடுங்க" என்றாள்.

இரண்டு விரல் கீழே இறக்கி மெத்தையை மாட்டினாள். இலையுதிர் காலத்தில் வண்டி மறுபடி அதே சுண்ணாம்பு மைதானத்துக்குப் போனது. கனத்ததால் மெதுவாகத்தான் ஊர்ந்தது. அதிகாரிகள் அதைப் பற்றி முணுமுணுத்தார்கள், ஆனால் சுட்டுப் பார்த்தபோது தகட்டைக் குண்டு துளைக்கவில்லை. பர்னபே நெற்றியில் ஒரு சிவப்புத் தடத்தோடு திரும்பி வந்தான்.

ராணுவம் முந்நூறு வண்டி கேட்டது. அந்தச் செய்தியோடு வந்த தெலோர்ம் இந்தத் தடவை லியோனியின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"மெத்தையும் வேணுமாம், மதாம். முந்நூறுக்கும்."

"எந்த உயரத்துக்கு?"

"நடுத்தர உயரம்னு எழுதியிருக்காங்க. நெட்டையா இருக்கிறவன் குனிஞ்சுக்குவான், குட்டையா இருக்கிறவன் கோட்டை மடிச்சுப் போட்டு உக்காந்துக்குவான்னு சொல்றாங்க."

"சரிங்க முசியே."

அவளும் ஒதெத்தும் அன்றே தோல் வெட்ட ஆரம்பித்தார்கள். மத்தியானம் குதிரை மயிர் தீர்ந்துபோனதால் சரக்கு வண்டி வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

வசந்தத்தில் ஒருநாள் சாயங்காலம், டிராம் நிறுத்தத்தில் லியோனிக்கு அழுகை வந்தது. அதற்கென்று எதுவும் நடந்திருக்கவில்லை. மழையும் இல்லை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். டிராம் வந்ததும் அழுகை நின்றுவிட்டது. ஏறினாள். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டாள்.