இரண்டாம் பக்கத்து வயல்கள்

அஸ்வதிக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். அவள் போட்ட அட்டவணையில் ஒரு கோடு தடித்துவிட்டால் போதும். மேலவாய்க்கால் பாசனதாரர் சங்கத்தில் கணினி பார்ப்பது அவள்தான். எந்த வயலுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு நேரம் தண்ணீர் என்கிற முறைப்பட்டியலை எக்செல்லில் போட்டுத் தர வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் தொடங்கிக் கடைமடை வரைக்கும் எல்லா வயலும் வரிசையாக ஒரே ஏ-ஃபோர் தாளில் அடங்க வேண்டும், எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஓரத்தில் ஆணி அடிக்க இடம் இருக்க வேண்டும். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்வாள். கல்யாண வீட்டில் இலை போடுகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்கு பார்ப்பதில்லை.

அப்படி அவள் இழைத்து இழைத்துச் செய்த கோப்பு போய்ச் சேருகிற இடம் வினோஜின் கணினி. தலைமதகின் பக்கத்தில் சங்கத்துக்கு இன்னொரு சின்ன அலுவலகம் உண்டு. அறிவிப்புப் பலகையும் பிரிண்டரும் அங்கேதான். அதற்குப் பொறுப்பு வினோஜ். தங்கமானவன், ஆனால் கை சும்மா இருக்காது. தலைப்பு எடுப்பாக இல்லை என்று மஞ்சள் பூசுவான். பெயர் வெட்டுப்படுகிறது என்று ஒரு கட்டத்தை இழுத்து விடுவான், அப்போது கடைசிக் கட்டம் தாளுக்கு வெளியே போய் நிற்கும். ஒருமுறை பிரிண்டரில் லீகல் தாள்தான் இருந்தது என்று முழு அட்டவணையையும் லீகலுக்கு மாற்றித் திருப்பி அனுப்பினான். அன்று அஸ்வதி போனில் போட்ட சத்தத்தில் சங்கத்துக்கு வந்திருந்தவர்கள் எழுந்து வெளியே போய் நின்றார்கள்.

வினோஜ் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. மறுநாள் வரும்போது கடையிலிருந்து, நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி சூடாக வாங்கி வந்து அவள் மேசையில் வைப்பான். அக்கா என்று இழுப்பான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே ஒன்றை எடுத்துக் கடிப்பாள். அடுத்த பட்டியல் வரைக்கும் சமாதானம் நிலைக்கும்.

அவர்களுக்குள் இன்னொரு தொல்லையும் இருந்தது. வினோஜ் அச்செடுக்கும்போதெல்லாம் வெறும் கோடுகள் மட்டும் உள்ள ஒரு பக்கம் கூடவே வந்து விழும். தாள் வீணாகிறதே என்று பார்த்த வினோஜ், முதல் பக்கத்தை மட்டும் அச்சடிக்கும்படி பிரிண்டரில் சொல்லி வைத்தான். அதன் பிறகு வெற்றுப் பக்கம் வரவில்லை. அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதையே பிறகு எல்லாரும் மறந்து போனார்கள்.

அஸ்வதியின் வீட்டுக்கும் வயல் உண்டு. வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில், பட்டியலின் கடைசி வரியில். அதைப் பார்ப்பது அவளுடைய மாமியார் செல்லக்கனி. மகன் முருகதாஸ் மஸ்கட்டில் இருக்கிறான். வீட்டில் இருப்பது இந்த இரண்டு பெண்கள்தான். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தால் சட்டி உருளும் என்று எதிர்பார்த்த அக்கம்பக்கத்துக்கு இவர்களால் பெரிய ஏமாற்றம். மீன்குழம்பு வைத்தால் தலைத்துண்டு மருமகளுக்குத்தான். ஊரில் யார் எதைப் பற்றிப் பேசினாலும் செல்லக்கனி சுற்றி வளைத்து மருமகளிடம் கொண்டு வந்து விடுவாள். எனக்க மருமவ எழுதிப் போட்டாத்தான் இந்த வாய்க்காலில் தண்ணி ஓடும் என்று சந்தையில் வைத்துச் சொல்லுவாள். ஆனால் வீட்டில் சங்கத்து விஷயத்தை வாயில் எடுக்க மாட்டாள். மருமகளின் வேலையில் மாமியார் தலையிடக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம்.

இந்த ஆண்டு கும்பப்பூ என்கிற இரண்டாம் போகத்துக்கு மழை கைவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை, அணையில் தண்ணீர் கீழே போய்விட்டது. முறை வைத்துத்தான் விட்டார்கள். நெல் பால் பிடிக்கிற நேரம். அப்போது ஒரு முறைத் தண்ணீர் தவறினாலும் கதிர் பதராகிவிடும். ஆகவே அந்தப் பட்டியலை அஸ்வதி வழக்கத்தைவிடக் கவனமாகப் போட்டு அனுப்பினாள்.

அந்த நேரம் பார்த்து வினோஜின் கணினி படுத்திருந்தது. பழுது பார்த்தவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். அஸ்வதி போட்டு வைத்திருந்த தமிழ் ஃபாண்ட் அதோடு போயிற்று. அவளுடைய கோப்பை வினோஜ் திறந்தபோது கணினி தன் இஷ்டத்துக்கு வேறொரு ஃபாண்டை எடுத்து மாட்டியது. எழுத்துப் பெருத்து, ஒவ்வொரு வரியும் கொஞ்சம் தடித்து, அடியிலிருந்த நான்கு வரிகள் இரண்டாம் பக்கத்துக்கு இறங்கிவிட்டன. பிரிண்டரைத் திரும்ப மாட்டும்போது வினோஜின் கை பழக்கத்தில் முதல் பக்கம் மட்டும் என்று சொல்லியிருந்தது. ஒரு தாள் வந்தது. தலைப்பு இருந்தது, கோடுகள் நேராக இருந்தன, எழுத்தும் பெரிதாகத் தெரிந்தது. அவனுக்கு அது முன்னைவிட அழகாகவே பட்டது. கொண்டு போய்ப் பலகையில் ஒட்டினான்.

மதகு திறந்து மூடுகிறவர் பொன்னுலிங்கம். தாளில் உள்ளதைச் செய்வார், இல்லாததைச் செய்ய மாட்டார். அந்தத் தாளில் கடைசியாக இருந்த வயலுக்கு நேரம் முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டுத் தண்ணீரை அடுத்த முறைக்குரிய கீழவாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார்.

செல்லக்கனி பலகையைப் போய்ப் பார்த்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழாக வாசித்தாள். அவள் பெயர் இல்லை, பக்கத்து வயல்காரி நாகம்மையின் பெயரும் இல்லை. தண்ணீர் குறைவாக இருப்பதால் கடைமடையை இந்தத் தடவை விட்டுவிட்டார்கள் என்று அவளாக முடிவு செய்தாள். நாகம்மையும் பெயர் விடுபட்ட மற்ற இரண்டு பேரும் சங்கத்துக்குப் போய்ச் சண்டை போடக் கிளம்பினார்கள். செல்லக்கனிதான் வழிமறித்தாள். எனக்க மருமவ காரணமில்லாம ஒரு பேர விடமாட்டா, தண்ணி இருந்தா போட்டிருப்பா, பொறுங்க என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். வீட்டுக்கு வந்து மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் சங்கடப்படுவாளே என்று நினைத்தாள்.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து வந்த அஸ்வதி, வரப்பு வழியாக நடந்து வீட்டுக்குப் போகலாம் என்று இறங்கினாள். தூரத்தில் மாமியார் குடத்தோடு போவது தெரிந்தது. குளத்தின் அடியில் சேறும் நீருமாகக் கிடந்ததைக் கோரிக் கொண்டுவந்து வயலின் ஓரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போனது. அஸ்வதிக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுதானே நம் முறை, தண்ணீர் வரவில்லையா என்று கேட்டாள்.

செல்லக்கனி குடத்தை இறக்கி வைத்தாள்.

"நமக்கு இல்லேன்னு நீதானேட்டி போட்டிருக்க. கடைசி நாலு பேருக்கும் இல்லியே."

"நான் போட்டிருக்கேன் மாமி. கடைசி வரி நம்ம வயலாக்கும்."

அஸ்வதி அங்கே நிற்கவில்லை. வந்த வழியே திரும்பித் தலைமதகு அலுவலகத்துக்கு ஓடினாள்.

பலகையில் பார்த்ததுமே ஃபாண்ட் மாறியிருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய் வினோஜின் நாற்காலியில் உட்கார்ந்து அச்சு முன்தோற்றத்தைத் திறந்தாள். அடியில் இரண்டு பக்கம் என்று இருந்தது. அடுத்த பக்கத்துக்குத் தள்ளினால் அந்த நான்கு பெயர்களும் அங்கே இருந்தன. பின்னால் நின்ற வினோஜின் முகத்தில் ரத்தமே இல்லை. வழக்கம்போல் கத்தியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. எல்லாம் தன் தப்பு, தலைவரிடம் தானே வந்து சொல்லுகிறேன் என்று அவன் சொன்னான். ஆரு தப்புங்கறத பெறவு பாப்போம், இப்ப வயலு காயுது என்று சொல்லி அவனையும் இழுத்துக்கொண்டு தலைவர் சத்தியநேசன் வீட்டுக்குப் போனாள்.

போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. முறையை மாற்றித் தண்ணீர் கேட்பது சங்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. அதுவும் கேட்கிற வயல்களில் ஒன்று சொந்த மாமியாருடையது. அவள் பயந்தபடியே நடந்தது. தலைவர் வீட்டு முற்றத்தில் கீழவாய்க்கால்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவள் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த இரண்டு பக்கத்தையும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோதே, மாமியாருக்க வயலு வாடினதும் பேப்பருக்கு ரெண்டாம் பக்கம் மொளச்சிட்டு என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். வினோஜ் சண்டைக்குப் போகப் பார்த்தான், அஸ்வதி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

சத்தியநேசன் நியாயஸ்தர். இரண்டு தாள்களையும் வாங்கி வைத்துப் பார்த்தார். தவறு நடந்திருக்கிறது, நாளைக்கு ஒரு பகல் மட்டும் மேலவாய்க்காலைத் திறக்கலாம், அதற்கு மேல் கீழவாய்க்கால்காரர்களைக் கேட்க முடியாது என்று தீர்த்துச் சொன்னார். ஒரு பகல் தண்ணீர் நான்கு வயலுக்கும் போதாது. அதனால் கடைக்கோடியில் இருக்கிற வயலில் ஆரம்பித்து மேலே வரட்டும் என்றார். விட்டுப்போன முறைக்கு மறுபடி தண்ணீர் விட்டால் அந்த வாய்க்காலில் அதுதான் வழக்கம். கடைக்கோடி என்றால் செல்லக்கனி வயல். அஸ்வதிக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவளும் வினோஜும் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு கணினியிலும் ஒரே ஃபாண்டை ஏற்றினார்கள். தாள் ஏ-ஃபோர், ஓரம் இவ்வளவு, அகலமும் உயரமும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும் என்று கோப்பிலேயே கட்டினார்கள். மொத்தம் எத்தனை பக்கம் என்பது அடியில் தானாக விழுகிற மாதிரி வைத்தார்கள். இனிமேல் எக்செல்லோடு பிடிஎஃப்பும் அனுப்புவது, அச்செடுப்பது அதிலிருந்து மட்டும் என்று பேசிக்கொண்டார்கள். முதல் பக்கம் மட்டும் என்று பிரிண்டரில் போட்டிருந்த பூட்டை வினோஜே எடுத்தான். அன்றைக்கு அவன் எதற்கும் மஞ்சள் பூசவில்லை.

சாயங்காலம் அஸ்வதி வயலுக்குப் போனபோது நாகம்மையின் வயல் நிறைந்து தண்ணீர் மினுங்கியது. மற்ற இரண்டு வயலும் நனைந்திருந்தன. தங்கள் வயலில் மேல்பாதி மட்டும் ஈரமாக இருந்தது. கீழ்ப்பாதி வெடித்தபடியே கிடந்தது. தண்ணீர் வாய்க்காலில் வடிந்துகொண்டிருந்தது, ஷட்டர் இறங்கிவிட்டது. அவளைப் பார்த்ததும் பொன்னுலிங்கம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். நான் என்ன செய்யட்டும், காலையில் செல்லக்கனி மைனி மடையில் வந்து நின்றுகொண்டு தன் வயலுக்குத் திறக்க விடவில்லை, மற்ற மூன்று பேருக்கும் பாய்ந்த பிறகுதான் எனக்கு என்று சொல்லிவிட்டாள் என்று முறையிட்டார்.

செல்லக்கனி வரப்பில் உட்கார்ந்து காலில் அப்பியிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமி இப்படிச் செஞ்சு வச்சிருக்கிய? தலைவரே நமக்குத்தானே மொதல்ல சொன்னாரு."

"சண்டைக்குப் போனவளுவள பொறுங்கன்னு நிறுத்துனது நானாக்கும். பொறுத்தவளுக்கு மொதல்ல குடுக்கண்டாமா?"

"அப்ப நம்ம நெல்லு?"

செல்லக்கனி கீழ்ப்பாதியைப் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தாள்.

"நெல்லு போனா ஒரு பூவு போச்சு, நான் அழுதுக்கிடுவேன். மாமியாரு வயலுக்குத் தண்ணி தொறந்தவன்னு ஒன்ன ஒருத்தன் சொல்லப்பிடாது மக்கா. அது எனக்குத் தாங்காது."

முற்றத்தில் அந்த ஆள் சொன்னது அதற்குள் இவள் காதுக்கும் வந்திருக்கிறது. அஸ்வதி அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். பெற்ற தாயை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த நேரத்தில் உலகத்தில் இந்த ஒருத்தியைவிட வேண்டியவர்கள் தனக்கு யாரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அன்று இரவே முருகதாசைக் கூப்பிட்டு, ஃபாண்ட் போனது முதல் மாமியார் மடையில் நின்றது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மாசியில் அறுப்பு. மேல்பாதி நன்றாகவே விளைச்சல் கண்டது, கீழ்ப்பாதி வைக்கோலுக்குத்தான் ஆனது. வினோஜ் லீவு போட்டுவிட்டு வந்து மூட்டை கட்டினான். அந்தச் சமயத்தில் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் முருகதாஸ் கூப்பிட்டான். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். கீழ்ப்பாதி ஏன் இப்படிப் போயிற்று என்று ஒன்றும் தெரியாதவன்போல விசாரித்தான். சங்கத்துப் பட்டியலில் ஏதோ பக்கம் விட்டுப்போனதாகக் கேள்விப்பட்டேனே, அது அஸ்வதி போட்டதுதானே என்றும் கேட்டான். வினோஜ் மூட்டையை விட்டுவிட்டு எழுந்தான். செல்லக்கனி கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள்.

"ஆரு சொன்னா ஒனக்கு? வித்து சரியில்ல, அதான் பதராப் போச்சு. எனக்க மருமவ பட்டியல்ல தப்பு வராது, கேட்டியா."

திரைக்குள் முருகதாஸ் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான். முடியாமல் போனைக் கவிழ்த்துவிட்டான். படம் இருண்டதும் சிக்னல் போயிற்று என்று நினைத்த செல்லக்கனி, விடாமல் அந்த இருட்டைப் பார்த்து, வித்து சரியில்ல மக்கா, வித்துதான் சரியில்ல என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற அஸ்வதி மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.