பாதி ஏணியும் வானத்து ரேடியோவும்

ஓரின் ஹாக்ஸ்டாட் தன் அண்ணன் டெல்மரோடு பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. காரணம் ஓர் ஏணி.

அப்பா சாகும்போது நிலத்தையும் மாடுகளையும் குறை சொல்ல முடியாதபடி பிரித்துக் கொடுத்துவிட்டு, இழுத்தால் நீளும் இருபத்தெட்டு அடி ஏணியை மட்டும் 'இரண்டு பேருக்கும்' என்று எழுதிவைத்துவிட்டார். ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு துண்டுகளால் ஆன ஏணி அது. மேல்பாதியை டெல்மர் கழற்றிக்கொண்டு போனார். கீழ்ப்பாதி ஓரினிடம் தங்கியது. இருவர் வீட்டுக் கூரையும் இருபது அடி உயரம். பாதி ஏணி பதினான்கு அடி. ஆகவே இரண்டு கூரைகளும் பத்தொன்பது வருஷமாக ஒழுகின. புது ஏணி ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைத் தெரியாது. யார் முதலில் வாங்குகிறாரோ அவர் தோற்றவர்.

ஓரின் பரணில் ஒரு வாளி வைத்தார். மூன்றாம் வருஷம் அதில் ஒரு தவளை குடியேறியது. ஆறாம் வருஷம் அதற்குத் துணை வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண் மேலேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "வீட்டுல நீங்க ஒருத்தர்தானா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஓரின் ஆமாம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தவளைகளுக்கு ஓட்டுரிமை இல்லை.

அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் இரண்டு மைல் சரளை ரோடு. அந்த ரோட்டில் எதிரே யார் வந்தாலும், ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவது வழக்கம். தெரிந்தவர், தெரியாதவர், கடன்காரர், பாதிரியார், எல்லோருக்கும் ஒரு விரல். டெல்மரும் ஓரினும் பேச்சை நிறுத்தினார்களே தவிர விரலை நிறுத்தவில்லை. விரலை நிறுத்துவது என்றால் எதிரே வரும் வண்டியில் மனிதனே இல்லை என்று அர்த்தம். அந்த அளவுக்கு அந்த மாவட்டத்தில் யாரும் யாரையும் வெறுத்ததில்லை.

அண்ணனைப் பற்றிய செய்தி எல்லாம் ஓரினுக்கு ரேடியோவில்தான் வந்தது. உள்ளூர் நிலையத்தில் தினமும் காலை ஒன்பதரை மணிக்கு 'வேணுமா, வேண்டாமா' என்று ஒரு நிகழ்ச்சி. விற்க, வாங்க, சும்மா கொடுக்க என்று எதுவானாலும் போன் போட்டுச் சொல்லலாம். பெர்னடின் என்கிற அம்மாள் நடத்தினாள். டெல்மர் அதில் வாடிக்கைக்காரர். அவர் பனிவண்டியை விற்றபோது முழங்கால் போய்விட்டது என்று ஓரினுக்குத் தெரிந்தது. இரட்டைக் கட்டிலைக் கொடுத்துவிட்டு ஒற்றைக் கட்டில் கேட்டபோது, அண்ணி இனி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பமாட்டாள் என்று தெரிந்தது. நாய்க்கூண்டு போனது. தூண்டில் பெட்டி போனது. போன இலையுதிர் காலத்தில் டெல்மர், "மாடிப்படி ஏற முடியல, மாடியில இருக்கிற சாமான் எல்லாம் யாருக்கு வேணும்னாலும்" என்றார். இதயம் என்று ஓரின் புரிந்துகொண்டார்.

இதையெல்லாம் அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்கவில்லை. வீட்டில் ரேடியோ வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்கள். தபால் எடுக்கப் போகிற சாக்கில் ஒன்பதரைக்குத் தன் தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பியூக்கில் ஏறுவார். யாராவது கேட்டால், "எனக்கு அந்த வெட்டிப் பேச்செல்லாம் கேக்கற பழக்கம் இல்ல" என்பார். ஊர் முழுக்க அவர் கேட்கிறார் என்று தெரியும். டெல்மருக்கும் தெரியும்.

ஒரு நாள் ஏணி வரும் என்று ஓரின் காத்திருந்தார். அண்ணன் வாயால் 'ஏணி' என்ற சொல் ரேடியோவில் வந்துவிட்டால், வண்டியை நேராக அங்கே விட்டுவிடுவது என்று நான்காம் வருஷமே முடிவு செய்திருந்தார். பதினைந்து வருஷமாகத் தயாராக இருந்தார். முதலில் சொல்வது மட்டும் டெல்மராக இருக்க வேண்டும்.

மார்ச் மாதக் கடைசியில் தீயணைப்பு நிலையத்தில் அப்பம் சுட்டுப் போட்டு நிதி திரட்டினார்கள். அங்கே நடந்த குலுக்கலில் ஓரினுக்குச் சாட்டிலைட் ரேடியோ விழுந்தது, மூன்று மாதச் சந்தா இலவசத்தோடு. சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி, கூரைமேல் ஒட்டவைக்கக் காந்த ஆண்டெனா ஒன்று, இவை இரண்டையும் பழைய ஸ்டீரியோவோடு சேர்க்க ஒரு சின்ன டப்பா. காரின் சொந்த ஸ்டீரியோவைக் கழற்றி எறிய வேண்டாம். டப்பாவை அதன் ஆண்டெனா வயருக்கு நடுவில் செருகிவிட்டு, முள்ளை எண்பத்தெட்டுப் புள்ளி ஒன்றில் வைத்தால் போதும், வானத்திலிருந்து பாட்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓரின் கொட்டகையில் உட்கார்ந்து வேலையை முடித்தார். டாஷ்போர்டின் முகப்பை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி எடுத்தார். ஸ்டீரியோவை வெளியே இழுத்தபோது அதன் பின்னாலிருந்து ஒரு கையுறை, இரண்டு சூரியகாந்தி விதை, தொண்ணூற்றெட்டில் தொலைந்துபோன பல்செட் ஆகியவை வந்தன. பல்செட்டைப் போட்டுப் பார்த்தார். இப்போது இருப்பதைவிட நன்றாகப் பொருந்தியது.

டப்பாவின் சிவப்பு வயரை மட்டும் எங்கே கொடுப்பது என்று ஒரு கேள்வி வந்தது. டப்பாவுக்கு மின்சாரம் இருக்கிற வரைக்கும் அது காரின் பழைய ஆண்டெனாவை அடைத்துவிடும், ஆகவே சிவப்பு வயருக்கு ஒரு சுவிட்ச் வைத்து, உள்ளூர் நிலையம் வேண்டும்போது அணைத்துக்கொள்ளுங்கள் என்று கூட வந்த தாளில் தெளிவாகப் போட்டிருந்தது. தாள் அப்போது பரணில் வாளிக்கு அடியில் இருந்தது, வாளி ஆடாமலிருக்க. ஓரின் சிவப்பு வயரை நேராக பேட்டரியிலேயே கொடுத்தார். எழுபத்தொரு வயதில் ஒரு வயரை எங்கே கொடுப்பது என்று தாளைப் பார்த்தா தெரிந்துகொள்வது?

அன்று சாயங்காலம் உறைமழை பெய்தது. மின்கம்பிகள் எல்லாம் கண்ணாடிக் குழாய்போலத் தொங்கின.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு ஓரின் முள்ளை உள்ளூர் நிலையத்துக்குத் திருப்பினார். இரைச்சல். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினார். இரைச்சல்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி உறைமழையில் நிலையத்தின் டவர் மடங்கி, பதினோரு நாள் ஊரே ஊமையாக இருந்தது. மறுபடி விழுந்துவிட்டது என்று முடிவு கட்டினார். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், ரேடியோ கேட்காத மனிதனுக்கு டவர் எதற்கு என்று எதிர்க்கேள்வி வரும். முள்ளை எண்பத்தெட்டுப் புள்ளி ஒன்றுக்குத் திருப்பினார். வானத்தில் யாரோ இருபத்திநாலு மணி நேரமும் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஓரின் அதைக் கேட்டபடி வடக்கே தபாலாபீஸுக்குப் போய் வந்தார். அண்ணன் வீடு தெற்கே.

வெள்ளிக்கிழமை காலை எதிரே ஒரு லாரி வந்தது. ஓரின் விரலைத் தூக்கினார். அந்தப் பக்கம் விரல் எழவில்லை. குளிரில் விறைத்திருக்கும் என்று நினைத்தார். அடுத்து பள்ளிக்கூட பஸ் வந்தது. அதிலும் எழவில்லை. மூன்றாவதாகப் பாதிரியாரின் மனைவி வந்தாள். அவள் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தாள்.

கூட்டுறவுக் கிடங்கில் ட்வெயின் உப்பு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"டவர் விழுந்துடுச்சு போல" என்றார் ஓரின், சும்மா பேச்சுக்கு.

"எந்த டவர்?"

"ரேடியோ டவர்தான்."

"காலைலகூடப் பன்றி விலை கேட்டேனே. டவர் நல்லாத்தான் நிக்குது." ட்வெயின் மூட்டையை இறக்கிவைத்தார். "நீதான் ரேடியோவே கேக்கமாட்டியேய்யா. உனக்கென்ன டவரைப் பத்தி?"

ஓரின் மூட்டையில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைப் படித்தார்.

"நல்லா அழுத்தமான மனுஷன்ப்பா நீ" என்றார் ட்வெயின். "நாலு நாளு. ஒருநாளாவது போவேன்னு நெனச்சோம். நாங்க பந்தயம்கூடக் கட்டினோம். நான் செவ்வாய்க்கிழமை மேல கட்டியிருந்தேன்."

"எங்க போறது?"

"என்னைப் பைத்தியக்காரனாக்காத, ஓரின்."

"எங்கடா போறது?"

ட்வெயின் கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டார். பிறகு ஆடு தொலைந்த கதை சொல்வதுபோலச் சொன்னார். "திங்கக்கிழமை பெர்னடினுக்குப் போன் பண்ணி, 'பாதி ஏணி இருக்கு, மேல்பாதி, இன்னொரு பாதி வச்சிருக்கறவனுக்குச் சும்மா'ன்னார் உங்கண்ணன். செவ்வாய்க்கிழமையும் அதேதான். புதன்கிழமை, 'என்னால தூக்க முடியல, அவன்தான் வந்து எடுக்கணும், காப்பி போட்டு வச்சிருக்கேன்'னார். தபால்பெட்டிகிட்ட ஏணியச் சாத்தி வச்சிட்டு, பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தார், அந்தக் குளிர்ல. ரோட்டுல போன எல்லாரும் பாத்தோம். நேத்து, 'பாதிக்காரன் வரல, யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும்'னுட்டார்."

"இப்போ எங்க இருக்கார்?"

"விடியக்காலைல போயிட்டார். நாற்காலியிலயே இல்ல, கட்டில்லதான்." ட்வெயின் அடுத்த மூட்டையைத் தூக்கினார். "அதையாவது சொல்லிக்கலாம்."

ஓரின் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி சாட்டிலைட் ரேடியோவைப் பற்றிச் சொன்னார். குலுக்கல், டப்பா, சிவப்பு வயர், ஆண்டெனா எல்லாம் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் விடாமல் நிகழ்ச்சியைக் கேட்டதையும், இந்த நாலு நாள் மட்டும் கேட்காததையும் சொன்னார். தன் வாயால் தானே அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. முழுக்க முழுக்க உண்மை. கேட்கவே அசிங்கமான புளுகு மாதிரி இருந்தது.

ட்வெயின் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஓ, அப்படியா" என்றார்.

அந்த மாவட்டத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

ஓரின் காருக்கு வந்தார். பானெட்டைத் திறந்து சிவப்பு வயரைப் பேட்டரியிலிருந்து பிய்த்தார். உள்ளே வந்து முள்ளைத் திருப்பியதும் உள்ளூர் நிலையம் தேன்போல வந்தது. ஆர்கன் ஒலித்தது. சாவு அறிவிப்பு நேரம். "டெல்மர் ஹாக்ஸ்டாட், வயது எழுபத்தாறு. அடக்கம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. அதைத் தொடர்ந்து தேவாலயத்தின் அடித்தளத்தில் மதிய உணவு. இவருக்கு ஒரு தம்பி இருக்கிறார்." பேர் சொல்லவில்லை. அடுத்து பன்றி விலை.

செவ்வாய்க்கிழமை ஓரின் கோட்டு போட்டுக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்த வரிசையில் எட்டு பேர் உட்காரலாம். ஓரின் மட்டும் உட்கார்ந்திருந்தார். அடித்தளத்தில் பெண்கள் பன்றித்தொடை சாண்ட்விச்சும், உருளைக்கிழங்கு சாலடும், தட்டில் வெட்டின இனிப்பும் பரிமாறினார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோருக்கும் கோப்பை ததும்பக் காப்பி ஊற்றிக்கொண்டு வந்த பெண்மணி ஓரினுக்குப் பாதிக் கோப்பை ஊற்றிவிட்டு நகர்ந்தாள். இரண்டாவது தடவை வந்தபோதும் பாதிதான் ஊற்றினாள். அளவு பிசகவே இல்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு ஓரின் போன் போட்டார்.

"'வேணுமா, வேண்டாமா'. லைன்ல யாரு?" என்றாள் பெர்னடின்.

"ஓரின் ஹாக்ஸ்டாட்."

ரேடியோவில் மூன்று வினாடி மௌனம் என்பது மிக நீளம். வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர்கள் கையை எடுத்திருப்பார்கள்.

"சொல்லுங்க, ஓரின்."

"ஏணி வேணும். மேல்பாதி."

"அது போயிடுச்சுங்க."

"யார் எடுத்தாங்க?"

"மேற்க அறுபது மைல் தள்ளி ஒருத்தர். கோழி வளக்கறவர். ராத்திரி கோழிங்க உக்காரக் கம்பு வேணுமாம், ஏணியப் படுக்கப் போட்டா கணக்கா இருக்கும்னார்." அவள் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "வேற ஏதாவது இருக்குங்களா? லைன்ல இன்னும் மூணு பேர் இருக்காங்க."

ஓரின் யோசித்தார். "பாதி ஏணி இருக்கு" என்றார். "கீழ்ப்பாதி. மேல்பாதி வச்சிருக்கறவருக்குச் சும்மா."

"கீழ்ப்பாதி" என்று பெர்னடின் எழுதிக்கொண்டே சொன்னாள். "சும்மா."

கோழிக்காரர் சனிக்கிழமை வந்தார். லெலண்ட் என்று பேர். சிரித்த முகம். லாரியில் ஏணியை ஏற்றிவிட்டு அதன் படிகளைத் தட்டிப் பார்த்தார்.

"விசித்திரமா இருக்கு, பெரியவரே. இதே மாதிரி ஒண்ணு போன வாரம் ரோட்டோரமா எடுத்துக்கிட்டுப் போனேன். நீளம் அதேதான், திருகு ஓட்டைகூட அதே இடத்துல. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும்போல இருக்கே."

"போகும்" என்றார் ஓரின்.

"அங்க ஒரு பெரியவர் உக்காந்திருந்தார். ஏணிய நான் தூக்குறவரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தார். யாரையாவது எதிர்பாக்கறீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'இல்ல, சும்மா காத்து வாங்கறேன்'னார்." லெலண்ட் சிரித்தார். "அந்தக் குளிர்ல."

கயிற்றை முடிந்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார். ஓரின் வாசலில் நின்றார். லாரி வளைந்து சரளை ரோட்டுக்கு ஏறியது. ஏறும்போது லெலண்ட் அவர் பக்கம் திரும்பி, ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

அவர் வெளியூர்க்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஓரினும் விரலைத் தூக்கினார். லாரி கண்ணுக்கு மறைந்து, அது கிளப்பிய தூசி அடங்கி, மழை தூற ஆரம்பித்து, பரணில் வாளி சொட்டும் சத்தம் வாசல்வரை கேட்ட பிறகும் அந்த விரலை அவர் இறக்கவில்லை.